கப்பல் தபாலில் வந்த கைடு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, ஒரு மருத்துவ மேதையின் வாழ்க்கை வரலாறாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மலேரியா என்றதும் நம் மாணவர்களுக்கு சர் ரொனால்டு ராஸ் ஞாபகம் வரும். நோபல் பரிசு வாங்கியவர், சென்னை ராஜதானியில் வேலை பார்த்தவர், நீலகிரிச் சரிவில் காய்ச்சல் கண்டு படுத்தவர். நான் எழுதப் போவது அவரைப் பற்றி அல்ல. அவருக்குப் பின்னால் நின்று, அவர் கண்டதை உலகம் படிக்கும்படி செய்த சர் பேட்ரிக் மேன்சனைப் பற்றி.

ஏன் இவர் என்று கேட்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக மருத்துவத் துறையில் இருந்து பி.ஜி. மாணவர்களின் தீசிஸ்களைப் படித்தவன் நான். தீசிஸை டைப் அடித்து, பைண்டு பண்ணி, பரீட்சையும் முடிந்தால் அது நூலக அலமாரிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அதைத் தொடுவது தூசி மட்டும்தான். உள்ளே நல்ல சரக்கு இருக்கும். ராத்திரி பகலாக வார்டில் உட்கார்ந்து எடுத்த கணக்கு, கிராமம் கிராமமாக அலைந்து எழுதிய விவரம் எல்லாம் இருக்கும். ஆனால் நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் எந்த ஜர்னலிலும் வந்ததில்லை. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்ததை எழுதிப் பழக்கமில்லை, எழுதினதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. அப்படிப் படித்துச் சொல்லும் ஆளாக இருந்ததுதான் மேன்சன் செய்த பெரிய காரியம் என்பது என் கட்சி. பாடப்புத்தகத்தில் அது இருக்காது.

மேன்சன் 1844 அக்டோபர் 3-ம் தேதி ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்குப் பக்கத்தில் ஓல்ட்மெல்ட்ரம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா பாங்கு மேனேஜர். வீட்டில் ஒன்பது குழந்தைகள். பையனை முதலில் இரும்புத் தொழிற்சாலையில் தொழில் பழக விட்டார்கள். முதுகெலும்பில் கோளாறு வந்து, வலது கையும் பலவீனப்பட்டதால் அந்த வேலை ஒத்துவரவில்லை. மருத்துவம் படிக்கப் போனார். 1865-ல் அபர்டீனில் பட்டம், அடுத்த வருஷமே கப்பலேறி ஃபார்மோசா தீவு. இன்று நாம் தைவான் என்கிறோமே, அதுதான். சீனப் பேரரசின் சுங்க இலாகாவில் டாக்டர் வேலை. 1871-ல் அங்கிருந்து சீனக் கரையில் உள்ள அமாய் துறைமுகத்துக்கு வந்தார். இன்று அந்த ஊருக்குப் பெயர் சியாமென்.

ஒரு இளம் டாக்டரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நூலகம் கிடையாது, பேச ஆள் கிடையாது. வார்டு முழுக்க யானைக்கால் நோயாளிகள். நம் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் பழைய தலைமுறை டாக்டர்கள் பார்த்த மாதிரியேதான். காரணம் என்ன என்று யாருக்கும் தெரியாத காலம்.

இந்த இடத்தில் சுங்க இலாகாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹார்ட், துறைமுகம் துறைமுகமாகச் சிதறிக் கிடந்த தன் டாக்டர்களை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தங்கள் ஊரின் நோய்களைப் பற்றி அறிக்கை எழுதி அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். ஷாங்காயில் இருந்த டாக்டர் ஜேமிசன் அவற்றைத் தொகுத்து அச்சுக்குக் கொடுப்பார். 1871 முதல் இந்த அறிக்கைகள் வந்தன. இன்று பெரிய பெயர் வைத்து, இளம் ஆய்வாளர்களுக்கான எழுத்துப் பயிற்சித் திட்டம் என்று நடத்துகிறார்களே, அதன் எலும்புக்கூடு இதில் அப்படியே இருக்கிறது. எழுத ஒரு கட்டாயம், முடிக்க ஒரு கெடு, படித்துத் திருத்த ஒரு ஆசிரியர், அச்சிட ஒரு இடம். மேன்சன் எழுதப் பழகியது இந்தப் பக்கங்களில்தான்.

1875-ல் லீவில் லண்டன் போனவர், பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் உட்கார்ந்து யானைக்கால் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற டாக்டர் மனித ரத்தத்தில் பொடிப்பொடியான புழுக்களை 1872-லேயே கண்டு எழுதியிருந்தார். அமாய்க்குத் திரும்பிய மேன்சன், நூற்றுக்கணக்கான பேரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இந்தக் குட்டிப் புழு ரத்தத்திலேயே வளர்ந்தால் ஆள் பிழைக்க மாட்டான். ஆகவே வெளியே எடுத்துப் போக ஏதோ ஒன்று வேண்டும் என்று யோசித்து, கொசுவைப் பிடித்தார். ஹின் லோ என்ற தோட்டக்காரரின் ரத்தத்தில் புழுக்கள் நிறைய இருந்தன. அவரைக் கொசுக்கள் உள்ள அறையில் தூங்க வைத்து, ரத்தம் குடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1877-ல், கொசுவின் வயிற்றிலிருந்து புழு வெளியேறி அதன் மார்புத் தசைக்குள் போய் வளருவதைக் கண்டார். மனித நோய் ஒன்றின் கிருமி பூச்சிக்குள் வளருவதை ஆதாரத்தோடு காட்டிய முதல் வேலை இது. இந்தப் புழுக்கள் ராத்திரியில்தான் மேல் ரத்தத்துக்கு வருகின்றன என்பதையும் கண்டவர் அவரே. நம் மாணவர்கள் ஃபைலேரியா சர்வே என்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்லைடும் கையுமாகத் தெருத்தெருவாகப் போனார்களே, அந்த ராத்திரி வேலைக்குக் காரணகர்த்தா இவர்தான்!

கண்டுபிடித்தாகிவிட்டது. அமாயில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் சொல்வது? சுங்க இலாகா அறிக்கையில் எழுதினார். அதோடு நிற்காமல், லண்டனில் ஒட்டுண்ணிப் புழுக்களில் பெரிய நிபுணராக இருந்த ஸ்பென்சர் கோபோல்டுக்கும் எழுதி அனுப்பினார். இரண்டு பேருக்கும் நடுவே பாதி உலகம். ஆனாலும் கோபோல்டு அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், 1878 மார்ச் 7-ம் தேதி லின்னேயன் சங்கக் கூட்டத்தில் வாசித்தார். பிறகு அது மேன்சன் பெயரிலேயே சங்கத்தின் ஜர்னலில் வந்தது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து டாக்டர் ஜோசப் பான்கிராஃப்ட், வளர்ந்த யானைக்கால் புழுவைக் கண்டபோது எழுதிச் சொன்னதும் இதே கோபோல்டுக்குத்தான். தூர தேசத்து டாக்டர்களுக்கெல்லாம் அவர் ஒரு தபால் பெட்டி மாதிரி இருந்தார். இதை மேன்சன் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதினாறு வருஷம் கழித்து அவர் அதே பெட்டியாக ஆனார்.

அதற்குள் அவர் வாழ்க்கையில் பல திருப்பங்கள். 1883-ல் ஹாங்காங் போனார். அங்கே பால் பண்ணைக் கம்பெனி தொடங்கினவர்களில் ஒருவர். 1887-ல் சீன மாணவர்களுக்கான மருத்துவக் கல்லூரியைத் தொடங்கி அதன் முதல் டீனாக இருந்தார். அந்தக் கல்லூரியில் படித்து 1892-ல் வெளியே வந்தவர்தான் பின்னால் சீனக் குடியரசின் தந்தை என்று பெயரெடுத்த சன் யாட்-சென். 1896-ல் லண்டனில் சீனத் தூதரகத்தார் சன்னைப் பிடித்து அடைத்து வைத்தபோது, வெளியே கொண்டுவர ஓடியாடினவர்களில் அவருடைய ஆசிரியர் கான்ட்லியோடு மேன்சனும் உண்டு. மாணவன் ஊர் விட்டு ஊர் வந்து சிக்கிக்கொண்டாலும் கைவிடாத குணம்.

1889-ல் சம்பாதித்தது போதும் என்று ஸ்காட்லாந்து திரும்பினார். சீன நாணயத்தின் மதிப்பு விழுந்து, சேமிப்பும் கரைந்தது. 1890-ல் லண்டனில் மறுபடி போர்டு மாட்டிப் பிராக்டீஸ் ஆரம்பிக்க வேண்டி வந்தது. கப்பல் மாலுமிகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையும் கிடைத்தது. வெப்ப நாட்டு நோய்கள் எல்லாம் கப்பலேறி அங்கே அவரைத் தேடி வந்தன.

1894 ஏப்ரலில்தான் ராஸ் அவரைச் சந்தித்தார். ராஸுக்கு அப்போது 36 வயது. 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தவர். நாவல், கவிதை, கணக்கு என்று எல்லாவற்றிலும் கைவைத்தவர். மலேரியாக் கிருமியை லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் 1880-லேயே கண்டிருந்தும், ராஸ் எவ்வளவு தேடியும் கண்ணில் படாததால் அதை நம்பாமல் இருந்தார். மேன்சன் வாதம் செய்யவில்லை. ஸ்லைடைப் போட்டு, பிறை வடிவக் கிருமியை நேரில் காட்டினார். இளம் ஆய்வாளருக்குக் கைடு செய்ய வேண்டிய முதல் உபகாரம் இதுதான். பார்க்கத் தெரியாதவனுக்கு எழுத என்ன இருக்கும்?

இரண்டாவது உபகாரம், ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தது. யானைக்கால் புழு மாதிரி மலேரியாக் கிருமியும் கொசுவுக்குள் வளரலாம் என்ற ஊகத்தை மேன்சன் 1894 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். லண்டனில் உட்கார்ந்து அதைச் சோதிக்க முடியாது. 1895-ல் இந்தியா திரும்பிய ராஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கொசுவுக்குள் போன கிருமி என்ன ஆகிறது? நம் பி.ஜி. மாணவர்கள் ஒரு தீசிஸில் பத்துக் கேள்வியைத் திணித்துக்கொண்டு திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒற்றைக் கேள்வி என் ஞாபகத்துக்கு வரும்.

மூன்றாவது, அந்தக் கடிதங்கள். செகந்தராபாத்திலிருந்து ராஸ் எழுதிக்கொண்டே இருந்தார். நாலு வருஷத்தில் நூற்றுக்கு மேல். கப்பல் தபால் போய்ச் சேரவே வாரக் கணக்கில் ஆகும். இன்று என்ன கொசு பிடித்தேன், எத்தனை அறுத்தேன், எது ஒன்றுமில்லாமல் போயிற்று, எங்கே சந்தேகம் என்று எல்லாம் அதில் இருக்கும். மனுஷன் அலுக்காமல் படித்துப் பதில் போட்டார். இது சரி, இது போதாது, இதை மறுபடி பார் என்று. இத்தாலிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் முந்திக்கொள்வார்கள், கண்டதை உடனே எழுதி அனுப்பு என்று அவசரப்படுத்தினார். கடிதமே ஆய்வுக் குறிப்பேடாக ஆகிவிட்டது. தேதியோடு எழுதி வைத்த அந்தத் தாள்களுக்குப் பின்னால் எவ்வளவு மதிப்பு வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கைடு சொன்னதெல்லாம் சரியாக இருந்ததா என்றால், இல்லை. கொசு ஒரே தடவைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவனுக்கு நோய் வரும் என்று மேன்சன் நம்பினார். யானைக்கால் விஷயத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார். அதை நம்பி, ராஸ் கொசு செத்த தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துக்கூடப் பார்த்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. தெளிவான முடிவும் வரவில்லை. நல்ல கைடாக இருப்பதற்கு எப்போதும் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதில்லை. மாணவன் பார்த்தது தன் ஊகத்துக்கு எதிராக இருந்தாலும் அதை எழுதவிட வேண்டும், அது போதும்.

1897 ஏப்ரலில் ராஸ் ஊட்டிக்கு வந்து, சீகூர் மலைச்சரிவில் ஆராயப் போய், தானே மலேரியாவில் விழுந்தார். எழுந்து செகந்தராபாத் போனார். ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்ட கொசுக்களில் ஒன்றை ஆகஸ்ட் 20-ம் தேதி அறுத்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உருண்டைகள் தெரிந்தன. உலகக் கொசு தினம் என்று ஆண்டுதோறும் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஹுசேன் கானுக்குக் கிடைத்த கூலி, கடித்த கொசு ஒன்றுக்கு ஒரு அணா.

இரண்டே இரண்டு கொசு! இதை வைத்து எழுதினால் யார் நம்புவார்கள்? ராஸ் ஸ்லைடுகளை லண்டனுக்கு அனுப்பினார். மேன்சன் அவற்றைத் தானும் பார்த்து, மற்ற நிபுணர்களுக்கும் காட்டினார். 1897 டிசம்பர் 18 தேதியிட்ட பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ராஸின் கட்டுரை வந்தபோது, கூடவே மேன்சனின் குறிப்பும் வந்தது. தலைப்பிலே ராஸ் தன் கண்டுபிடிப்பைப் பெரிசுபடுத்தவில்லை. மலேரியா ரத்தம் குடித்த இரண்டு கொசுக்களில் கண்ட விசேஷமான செல்கள் என்ற அளவோடு நிறுத்தியிருந்தார். நாலு கேஸ் பார்த்துவிட்டு நாற்பது முடிவு எழுதும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பு ஒன்றே ஒரு பாடம்.

நாலாவது உபகாரம், நேரம் வாங்கிக் கொடுத்தது. கண்டுபிடித்த அடுத்த மாதமே ராஸை ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற, மலேரியா இல்லாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேன்சன் 1897-ல் காலனி இலாகாவின் மருத்துவ ஆலோசகராக ஆகியிருந்தார். அந்தச் செல்வாக்கையும் சேர்த்து லண்டனில் பல கதவுகளைத் தட்டினார். 1898 தொடக்கத்தில் ராஸுக்குக் கல்கத்தாவில் ஆராய்ச்சி மட்டுமே பார்க்கும் தனிப் பணி கிடைத்தது. அங்கே குருவிகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டு, கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போவதையும், கடித்தால் நல்ல குருவிக்கு நோய் வருவதையும் ஜூலையில் காட்டினார். தண்ணீரில் இல்லை, கடியில்தான் இருக்கிறது சூட்சுமம். கைடின் ஊகம் பாதி பலித்தது, பாதி பொய்த்தது. சேதி தந்தியில் பறந்தது. அந்த மாதக் கடைசியில் எடின்பரோவில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டம். ராஸ் கல்கத்தாவில் இருந்தார். மேடையேறி அவருடைய வேலையை எடுத்துச் சொன்னவர் மேன்சன். இருபது வருஷத்துக்கு முன் தனக்காக கோபோல்டு எழுந்து நின்று வாசித்தாரே, அதே காரியம்.

அதே வருஷக் கடைசியில் இத்தாலியில் கிராஸி குழுவினர், மனித மலேரியா அனாஃபிலிஸ் கொசுவில் வளருவதை முழுமையாகக் காட்டினார்கள். யார் முதல் என்று பெரிய சண்டை மூண்டது. அப்போது ராஸுக்குத் துணை நின்றவை தேதியிட்ட கடிதங்களும், அவ்வப்போது அச்சில் வந்துவிட்ட கட்டுரைகளும். 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு வந்தது. மேன்சனுக்கு வரவில்லை.

1898-ல் மேன்சன் எழுதிய வெப்ப நாட்டு நோய்கள் நூல், மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக, வேறு வேறு ஆசிரியர்களின் கையால் புதுப்பிக்கப்பட்டு, அவர் பெயரிலேயே இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கிறது. 1899 அக்டோபரில் லண்டன் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளி திறந்தது அவருடைய முயற்சியில். அந்தப் பள்ளியில் அவரிடம் வேலை பார்த்த இளைஞர் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொசுக்களைச் சீவிப் பார்த்து, யானைக்கால் புழு கொசுவின் ஊசிவாய்க்குள்ளேயே வந்து நிற்பதை 1900-ல் கண்டார். குடிதண்ணீர் அல்ல, கொசுக்கடிதான் வழி என்பதற்கு இது வலுவான ஆதாரம். அதாவது குருநாதர் இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லிவந்தது தப்பு! அந்தக் கட்டுரை அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், லோ ஒருவரின் பெயரில் வந்தது. துறைத் தலைவர் பெயர் முதலில், கைடு பெயர் அடுத்து, உழைத்தவன் பெயர் கடைசியில் என்று பழகிப்போன நம் கண்ணுக்கு இது அதிசயமாகத்தான் இருக்கும்.

அந்த 1900-லேயே ரோமிலிருந்து மலேரியாக் கொசுக்களைத் தருவித்து, லண்டனில் தன் சொந்த மகனைக் கடிக்கவிட்டார். மகனுக்குக் காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் கிருமி தெரிந்தது, கொய்னா கொடுத்துத் தேற்றினார்கள். தகப்பன் மனம் என்ன பாடுபட்டதோ! அந்த மகன் 1902-ல் கிறிஸ்துமஸ் தீவில் துப்பாக்கி விபத்தில் இறந்து போனார். மேன்சன் 1903-ல் சர் பட்டம் பெற்றார். ராஸுக்கும் அவருக்கும் பின்னாளில் மனக்கசப்பு வந்து, வக்கீல் வரைக்கும் போனது. குரு சிஷ்யன் என்றால் கடைசிவரை கைகோத்தே போவார்கள் என்று நான் கதை கட்ட விரும்பவில்லை. ஆனால் எந்தக் கசப்பும் அந்த நூற்றுச் சொச்சம் கடிதத்தை இல்லாமல் ஆக்கவில்லை. 1922 ஏப்ரல் 9-ம் தேதி மேன்சன் லண்டனில் காலமானார்.

இன்று இதே காரியத்தை முறைப்படுத்திச் செய்கிறார்கள். 2007-ல் தொடங்கிய ஆத்தர் எய்ட் என்ற ஏற்பாடு, வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளரையும் அனுபவசாலியையும் கடிதத் தொடர்பில் ஜோடி சேர்த்தது. 2009-ல் சர்வதேசக் காசநோய் ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஒரு பயிற்சியை ஆரம்பித்தன. திட்டம் எழுத ஒரு வகுப்பு, தரவைச் சேர்த்து அலச ஒரு வகுப்பு, கட்டுரை எழுத ஒரு வகுப்பு. கெடுவுக்குள் ஜர்னலுக்கு அனுப்பினால்தான் தேறியதாகக் கணக்கு. கெடு தவறினால் வெளியே. பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் இதில் சேர்ந்து பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. ஹார்ட்டின் அறிக்கை முறையும் மேன்சனின் கடிதங்களும் இதற்குள் இருப்பது உங்களுக்கே தெரியும்.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருக்கிறோம். வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்கள், ஜர்னல்களுக்குக் கட்டுரைகளை மதிப்பிட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடியும் எலிக்காய்ச்சலும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கும் ஜூனியர்களும் இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, சாப்பிட்டுவிட்டுப் போகிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு வேலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சீனியர், வருஷத்துக்கு ஒரே ஒரு ஜூனியரின் கட்டுரையைக் கடைசிவரை படித்துக் கொடுக்க வேண்டும். எழுதித் தர வேண்டாம், பெயர் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். படித்து, ஓரத்தில் குறித்து, எந்த ஜர்னலுக்குப் பொருந்தும் என்று சொல்லி, திரும்பி வந்தால் மறுபடி படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். 36 வயதில், மாற்றுக் கருத்தோடுதான் ராஸ் அந்த வீட்டுப் படியேறினார். மறு கூடல் அன்று பதிவு மேஜையில் இதற்காக ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் படிக்கத் தயாராக உள்ள சீனியர் என்று என் பெயரை எழுதிவிட்டேன். எதிர்ப் பக்கம் காலியாக இருக்கிறது. கட்டுரையோடு வாருங்கள்.